காணி: எண்பதில் ஒன்றும் ஊரில் ஒரு பங்கும்

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் நிலம் விற்பவரிடம் ஒரு காணி எவ்வளவு என்று கேட்டால், யோசிக்காமல் 132 சென்ட் என்பார். புதுச்சேரியில் 100 குழி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியே பொருந்தாது. அங்கே காணி என்றால் நிலம், அவ்வளவுதான். அது இரண்டு பரப்பாகவும் இருக்கலாம், இருபது ஏக்கராகவும் இருக்கலாம். பழைய எண்சுவடியைப் புரட்டினாலோ நான்காவது விடை கிடைக்கும்: காணி என்பது 1/80. நிலமும் இல்லை, குழியும் இல்லை, வெறும் பின்னம்.

அகராதிகள் இவற்றை வரிசையாகப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. ஆனால் நிலத்துக்கும் உரிமைக்கும் எண்பதில் ஒன்றுக்கும் ஒரே பெயர் இருப்பது தற்செயலான ஒலி ஒற்றுமை என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஒருவன் நிலம் வைத்திருந்தான் என்றால், அவன் கையில் இருந்தது பல வேளைகளில் ஒரு வயல் அல்ல, ஒரு பின்னம். அதைச் சொல்வதற்கு முன் அந்தப் பின்னத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

தமிழ்ப் பின்னங்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று பாதி பாதியாக இறங்குவது: அரை, கால், அரைக்கால், வீசம். அதாவது 1/2, 1/4, 1/8, 1/16. தராசில் நிறுக்கிறவனுக்கும், கயிற்றை மடித்து அளக்கிறவனுக்கும் இது இயல்பான வழி. மற்றது இருபதை அடியாகக் கொண்டது: 1/20 ஒரு மா, 1/10 இருமா, 3/20 மும்மா, 1/5 நான்மா. வேலிக்கு 20 மா, கழஞ்சுக்கு 20 மஞ்சாடி என்று நிலத்திலும் பொன்னிலும் இருபது இருபதாகப் பிரித்த பழக்கம் இதன் பின்னால் இருக்கிறது.

இந்த இரண்டு குடும்பங்களும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. 16இல் 5 போகாது. 20ஐ மூன்று முறை பாதியாக்கினால் இரண்டரையில் வந்து நிற்கும். ஒருவன் ஒரு வீசமும் ஒரு மாவும் வைத்திருந்தால் மொத்தம் எவ்வளவு என்று சொல்ல, இரண்டிலும் மீதியில்லாமல் போகிற ஒரு சிறு கூறு வேண்டும். 16க்கும் 20க்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு 80. ஆகவே காணி. அரை என்பது 40 காணி, கால் 20 காணி, அரைக்கால் 10 காணி, வீசம் 5 காணி, மா 4 காணி. இரண்டு குடும்பத்துப் பின்னங்களும் காணிக்கு வந்ததும் முழு எண்ணாகிவிடுகின்றன.

வீசத்துக்குத் தமிழில் இன்னொரு பெயர் இருக்கிறது: மாகாணி. அது பெயர் மட்டும் அல்ல, கூட்டல் கணக்கும்தான். ஒரு மாவோடு ஒரு காணி சேர்த்தால், நான்கு காணியும் ஒரு காணியும் ஐந்து காணி, 5/80, அதாவது 1/16. இருபதின் குடும்பத்திலிருந்து பதினாறின் குடும்பத்துக்குத் தாவ, உள்ளதோடு அதில் கால் பங்கைச் சேர்த்தால் போதும் என்பதை இந்தச் சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

அண்டை மொழிகளைப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவையாகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் காணி என்றால் 1/80 அல்ல, 1/64. அங்கே பாதி பாதியாக இறங்கும் வழி மேலோங்கியிருந்ததால் வீசத்தில் கால் பங்கு காணி ஆனது. ரூபாய்க் காலத்தில் கால் அணாவுக்கும் அந்தப் பெயர் ஏறிக்கொண்டது. தமிழில் மாவில் கால் பங்கு காணி. எண் வேறு, உறவு ஒன்றே: பெரிய கூறு ஒன்றின் கால் பங்கு. எனவே காணியை 'எண்பதில் ஒன்று' என்று மனப்பாடம் செய்வதைவிட 'அடுத்த மேற்கூற்றின் கால்' என்று புரிந்துகொள்வதே சரி என்று நினைக்கிறேன். காண் என்ற வினையோடு இந்தச் சொல்லை முடிச்சுப்போட்டு, கண்ணுக்குத் தெரிகிற நிலம், கண்டு காத்த நிலம் என்றெல்லாம் விளக்குகிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் எண்பதையும் தொடுவதில்லை, அறுபத்துநாலையும் தொடுவதில்லை.

காணியின் கால் பங்கு முந்திரி, 1/320. இப்போது நாம் பாயசத்தில் போடும் கொட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த மரம் போர்த்துகீசியர் காலத்தில் வந்தது, பின்னம் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. நாலடியாரில் கீழ்மக்களைப் பற்றிய பகுதியில் ஒரு பாட்டு இருக்கிறது. முந்திரியளவு செல்வத்தின் மேல் ஒரு காணி கூடிவிட்டால் போதும், கீழ்மகன் தன்னை இந்திரனாகவே எண்ணிக்கொள்வான் என்பது அதில் வரும் கருத்து. உரைகள் இதை 'மிகச் சிறிய தொகை' என்று சொல்லிக் கடந்துவிடும். கூட்டிப் பார்த்தால் 1/320உம் 4/320உம் 5/320, அதாவது 1/64. கால் வீசம். மாவும் காணியும் சேர்ந்து வீசமானது போலவே முந்திரியும் காணியும் சேர்ந்து கால் வீசமாகிறது. புலவர் இதைக் கணக்குப் போட்டுத்தான் எழுதினாரா என்பது நம் வாதத்துக்குத் தேவையில்லை. கேட்டவர்கள் திண்ணையில் கணக்குப் படித்தவர்களாக இருந்தால், கீழ்மகனின் இந்திர பதவி சரியாக எவ்வளவு என்று அவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்களைக் கற்றது ஒன்று, இரண்டு என்று மேல்நோக்கி மட்டும் அல்ல. பொன்னிலக்கம் முந்திரியில் தொடங்கும். 1/320ஐ எடுத்துக்கொண்டு அதோடு அதையே கூட்டிக் கூட்டி ஏற வேண்டும். முந்திரியும் முந்திரியும் அரைக்காணி. அரைக்காணியும் அரைக்காணியும் காணி. காணியும் காணியும் அரைமா. அரைமாவும் காணியும் முக்காணி. முக்காணியும் காணியும் மா. மாவும் காணியும் மாகாணி. இப்படியே இருமா, அரைக்கால், மும்மா, மூன்று வீசம், நான்மா, கால், அரை, முக்கால் என்று ஏறி ஒன்றுக்கு வந்து சேரும்போது, பையனுக்குப் பின்னம் என்பது முழு எண்ணை உடைத்துக் கிடைத்த துண்டாகத் தெரியாது. முழு எண்தான் பின்னங்களின் மேல் ஏறி உட்கார்ந்த கடைசிப் படியாகத் தெரியும். இன்றைய பள்ளியில் பின்னம் என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்குகிறது. அன்று அது முதல் பாடம். பொன்னிலக்கத்தை அடுத்து நெல்லிலக்கம், செவிடு ஆழாக்கிலிருந்து கலம் வரை. பிறகு எண்சுவடி வாய்பாடுகள், நிலப் பரப்புக்கான குழிமாற்று. வேலை உலகம் எப்படியோ அப்படியே பாடத்திட்டம்: பொன், நெல், நிலம்.

முந்திரியோடு கணக்கு நின்றுவிடவில்லை. அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் 'கீழ்' என்ற ஒரு சொல்லை முன்னால் போட்டால் போதும். கீழ் என்று சொன்னால் அதன் பிறகு வருவதெல்லாம் முந்திரியின் பங்கு: கீழரை என்றால் முந்திரியில் பாதி, கீழ்முந்திரி என்றால் முந்திரியின் 320இல் ஒன்று, அதாவது 1/1,02,400. இன்னொரு கீழ் போட்டால் இன்னும் 320 மடங்கு சிறியது. கீழ்முந்திரியை 21ஆகப் பிரித்தால் இம்மி, 1/21,50,400. 'இம்மியளவும் நகரவில்லை' என்று இன்று சொல்கிறவர்கள் இந்தப் பின்னத்தைத்தான் சொல்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்த இறங்குமுகம் அப்படியே இருக்கிறது. கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் பட்டியலில், ஊரின் மொத்த நிலத்தை வேலியில் சொல்லி, அதிலிருந்து ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப்போன வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரி கட்டாத நிலங்களைக் கழித்து, மீதியைத் தருவார்கள். அந்த மீதியில் முக்காலும், இரண்டு மாவும், முக்காணியும், முந்திரியும், அதற்குக் கீழே கீழும், அதற்கும் கீழே இன்னொரு கீழும் வரும். ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை நிலத்தை அளந்து வரி போட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் வியந்து எழுதுகின்றன. மேடைப் பேச்சாளர்களுக்கும் இந்த எண் மிகவும் பிடிக்கும்.

இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 320ஐ நான்கு முறை பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் சரியாக இந்த எண் வருகிறது. அதாவது நான்கு கீழ் இறங்கிய நான்மா. பின்னாளில் வழங்கிய வேலியான 2,88,000 சதுர அடியை வைத்துக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகைக் கூட அதன்மேல் உட்கார வைக்க முடியாது. எந்தக் கோலையும் கயிற்றையும் கொண்டு எவரும் இதை அளந்திருக்க மாட்டார்கள். இது அளவையின் நுட்பம் அல்ல, கணக்கனின் பிடிவாதம். வயலில் அளந்தது கோல் கணக்கில். அதை வேலியாக மாற்றும்போதும், ஒரு தரத்து நிலத்தை இன்னொரு தரத்துக்கு ஈடாக்கும்போதும் வகுத்தல் வருகிறது. மீதியைத் தூக்கிப் போடாமல் ஒவ்வொரு கீழாக இறக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

ஏன் அவ்வளவு தூரம் இறங்க வேண்டியிருந்தது என்பதற்குப் பின்ன முறையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 320இல் 3 போகாது. தமிழில் மூன்றிலொன்றுக்குத் தனிக் குறியும் கிடையாது, ஒற்றைச் சொல்லும் கிடையாது. 'மூன்றிலொன்று' என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு பங்கை மூன்று அண்ணன் தம்பிகள் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 80 காணியில் மூன்றிலொன்று 26 காணியும் இன்னொரு காணியில் மூன்றில் இரண்டும். கால் போனால் 6, மாகாணி போனால் 1, காணி போனால் மிஞ்சுவது அந்த மூன்றில் இரண்டு. அதை முந்திரியாக்கினால் இரண்டும் மூன்றில் இரண்டும். அரைக்காணி போக மறுபடியும் முந்திரியில் மூன்றில் இரண்டு. கீழ் இறங்கினால் 213உம் மூன்றிலொன்றும். எத்தனை கீழ் போட்டாலும் அந்த மூன்று விடாது. தசமத்தில் 0.333 என்று முடிவில்லாமல் நீள்வதும் இதுவும் ஒன்றுதான். எங்காவது ஓரிடத்தில் 'போதும்' என்று நிறுத்த வேண்டும். சோழர் காலக் கணக்கர்கள் மிகத் தாமதமாக நிறுத்தினார்கள், அவ்வளவே. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்காது.

கல்வெட்டில் சொல்லைப் பிரித்துப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், சபை வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியாக 'கானிலத்துக்கு மேல்' இறைநிலம் வைத்திருக்க வேண்டும் என்று வருகிறது. இதைக் காணி நிலம் என்று படித்துவிட்டு, எளிய மனிதனும் போட்டியிடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கால் நிலம், கானிலம் என்று புணர்ந்தது, கால் வேலி. வேதமும் பாஷ்யமும் கற்றவனுக்கு மட்டும் அரைக்கால் நிலம் போதும் என்று சலுகை. கால் வேலி என்பது 20 காணி. ஒரு புள்ளிக்கும் ணகர னகரத்துக்கும் நடுவே ஜனநாயகம் இருபது மடங்கு விரிந்துவிடுகிறது.

அதே காலத்துக் கல்வெட்டுகளில் காணி இன்னொரு பொருளில் எங்கும் நிறைந்திருக்கிறது: பரம்பரை உரிமை. நிலத்தின் மேல் உள்ள உரிமை மட்டும் அல்ல. கோயிலில் நட்டுவனுக்கு நட்டுவக்காணி, சாக்கைக் கூத்து ஆடுகிறவனுக்குச் சாக்கைக்காணி. ஒரு வேலையைச் செய்யும் உரிமையும் அந்த வேலைக்காக விட்ட நிலத்தின் உரிமையும் சேர்ந்து ஒரே காணி. அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும், விற்கவும் செய்வார்கள். சோழர் கல்வெட்டுகளைப் புள்ளிவிவரமாக எடுத்து ஆராய்ந்த ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை ஒப்பிட்டார். பிராமணர் ஊரில் தனியாள் உடைமை, வேளாண் ஊரில் கூட்டுடைமை என்று முற்காலத்தில் வேறுபாடு இருந்ததையும், 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தனியார் நிலவுடைமை பரவலாக வளர்ந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். காணி வாங்குவது, விற்பது என்பன அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் அடிக்கடி வருவது அதனால்தான்.

பின்னமும் உரிமையும் ஒன்றாகும் இடம் கூட்டுடைமை ஊர்தான். தொண்டை மண்டலத்தில் இரண்டு வகை ஏற்பாடு இருந்தது. பங்குகள் ஒரேயடியாகப் பிரிக்கப்பட்டு, இன்ன வயல் இன்னாருக்கு என்று முடிந்துவிட்டால் அது அறுதிக்கரை. முடியாமல், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நிலத்தை மறுபடியும் பங்கீடு செய்து சீட்டுப் போட்டு மாற்றிக்கொண்டால் அது பசுங்கரை. காவிரிக் கழிமுகத்தில் இந்த மறுபங்கீட்டுக்குக் கரையீடு என்று பெயர். பசுங்கரை ஊரில் ஒரு காணியாளனிடம் 'உன் நிலம் எது?' என்று கேட்டால் இந்த வருஷத்து வயலைத்தான் காட்டுவான். 'உனக்கு என்ன இருக்கிறது?' என்று கேட்டால் ஒரு பின்னத்தைச் சொல்வான். அவன் மகளுக்குச் சீதனமாகத் தருவதும், கடனுக்கு ஈடு வைப்பதும், மகன்களுக்கு விட்டுப்போவதும் அந்தப் பின்னம்தான். வயல் மாறும், அது மாறாது. ஏரித் தண்ணீரிலும், மேய்ச்சல் புறம்போக்கிலும், களத்து மேட்டில் எடுக்கும் மேரை என்ற நெற்பங்கிலும் அவன் பங்கு அதே கணக்கு.

ஒரு பங்கு ஐந்து பேருக்குப் பிரிந்தால் நான்மா. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான்கு மகன்கள் என்றால் மா. அவர்களுக்கும் நான்கு நான்கு என்றால் காணி. அதற்கடுத்த தலைமுறையில் முந்திரி. நான்கு தலைமுறைப் பாகப்பிரிவினையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் தயாராக நிற்கிறது. நிஜத்தில் எந்தக் குடும்பமும் இவ்வளவு ஒழுங்காகப் பிள்ளை பெறாது. மூன்று பேர் வந்தால் என்னாகும் என்று மேலே பார்த்தோம். ஆனாலும் இந்தச் சொற்கள் எந்தத் தேவைக்குப் பழகித் தேய்ந்தவை என்பது இதில் தெரிகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டபோது வரி கேட்க யாரிடம் போவது என்ற கேள்வி எழுந்தது. அதற்குள் காணியாட்சிக்கு, அதாவது இந்தக் காணி உரிமைக்கு, அரசாங்கப் பெயர் மிராசு ஆகிவிட்டிருந்தது. வாரிசுரிமை என்ற பொருளுடைய அரபு வேரிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு எழுதிய விடை 1818இல் அச்சாயிற்று. திருக்குறளை மொழிபெயர்க்கத் தொடங்கிய அதே எல்லிஸ்தான். மிராசு என்பது புதுப் பெயர், உள்ளே இருப்பது பழைய காணியாட்சி என்பதைக் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச் சான்றுகளோடு அவர் நிறுவ முயன்றார். ஆனால் மன்றோவின் ரயத்துவாரி முறைக்குப் பின்னங்கள் வேண்டாம். இன்ன எண்ணுள்ள வயல், இன்னார் பெயர், இவ்வளவு வரி: பட்டா. ஊரில் பங்கு வைத்திருந்தவன் வயல் வைத்திருப்பவனாக மாற்றப்பட்டான். காணியாளர் மிராசுதாராகி, மிராசுதார் பட்டாதாரரானார்.

இதைப் பழைய பொற்காலத்தின் அழிவு என்று எழுத எனக்கு மனமில்லை. பங்குகளின் கூட்டல் எப்போதும் ஒன்றுதான். அந்த ஒன்றுக்குள் இடமில்லாதவர்கள் ஊரில் பாதிக்கு மேல் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்து பயிரிட்ட பாயக்காரிகளுக்குக் காணி கிடையாது. பண்ணையாளாக இருந்த பறையர்களுக்கு அறவே கிடையாது. கல்வெட்டில் பறைச்சேரி, மொத்தத்திலிருந்து கழிக்கப்படும் நிலமாகத்தான் வருகிறது. ரயத்துவாரி வந்த பிறகும் தரிசு நிலத்துக்கு வெளியார் விண்ணப்பித்தால், முதல் உரிமை எனக்கு என்று மிராசுதார் குறுக்கே வர முடிந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை இதை விவரமாகச் சொல்கிறது. அடுத்த ஆண்டு அரசு ஒதுக்கத் தொடங்கிய நிலங்களைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். காணி என்ற சொல்லின் வரலாற்றில் அந்த ஆண்டுக்கும் இடம் உண்டு.

இனி அந்த 132 சென்ட். தொண்டை மண்டலத்தில் 24 அடிக் கோலால் ஒரு சதுரம் போட்டால் 576 சதுர அடி. அது ஒரு குழி. 100 குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். தஞ்சைப் பக்கம் 12 அடிக் கோல். குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இரண்டு இடத்திலும் நூறு குழிதான், கோல்தான் இரட்டிப்பு. ஆகவே வடக்கே உள்ள காணி தெற்கே உள்ள மாவைப் போல் நான்கு மடங்கு. பின்ன வாய்பாட்டில் நான்கு காணி ஒரு மா. நிலத்தில் நான்கு மா ஒரு காணி. தலைகீழ். தஞ்சை வேலியின் எண்பதில் ஒரு பங்கைக் காணி என்று எடுத்தால் 3,600 சதுர அடி. செங்கல்பட்டுக் காணியில் அது சரியாக ஒரு வீசம். வெள்ளைக்காரத் துரைகள் இதில் திணறியிருப்பார்கள். 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி 'கானி' என்று இதைச் சேர்த்து, சென்னைப் பக்கத்து நில அளவு, 1.322 ஏக்கர் என்று பதிவு செய்து முடித்துக்கொண்டது.

பாரதி பராசக்தியிடம் கேட்ட காணி நிலம் இவற்றில் எது? மாளிகை, கிணறு, தென்னை மரங்கள், பக்கத்தில் துணை, குயிலோசை என்று பட்டியல் நீள்கிறது. 3,600 சதுர அடியில் மாளிகையைக் கட்டினால் தென்னை வைக்க இடம் இருக்காது. அவர் பத்தாண்டு வாழ்ந்த புதுச்சேரியின் காணி 100 குழி. அதில் எல்லாம் தாராளமாக அடங்கும்.

1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு பைசாவானதும் வீசத்துக்கு இருந்த கடைசிப் பிடி போயிற்று. 16 அணா இருந்தவரை ஒரு அணா ஒரு மாகாணி. வாய்பாடு சந்தையில் உதவியது. நூற்றில் 16உம் போகாது, 80உம் போகாது. அதன்பின் பேச்சில் தங்கியது 'முக்காலே மூணு வீசம்' போன்ற சில தொடர்கள்தான்: பதினாறில் பதினைந்து, ஏறத்தாழ முழுதும். முந்திரி, காணி, மாவின் குறிகளும், கீழ் என்பதற்கான குறியும் 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் தமிழ்ப் பின்னிணைப்பாக 51 எழுத்துகளோடு இடம்பெற்றன. அவற்றைக் காட்டும் எழுத்துரு இல்லாத கைபேசிக்கு அனுப்பினால், பெறுகிறவருக்குப் பெட்டி பெட்டியாகத் தெரியும்.

கொங்கு நாட்டில் காணி வேறு விதமாக உயிரோடு இருக்கிறது. அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் காணியூர் உண்டு; ஊரில் ஒரு சென்ட் நிலம் இல்லாவிட்டாலும் காணிக் கோயிலில் உரிமை உண்டு. நிலம் கழன்று போய் உரிமை மட்டும் மிஞ்சிய நிலை.

இலங்கையில் நேர்மாறு. பின்னமும் அளவும் போய் நிலம் மிஞ்சியது. காணி உறுதி, காணிப் பதிவு, காணிச் சீர்திருத்த ஆணைக்குழு, காணி விடுவிப்பு, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின் காணி அதிகாரம் என்று அரசாங்க மொழியிலும் தெருவிலும் இதுவே சொல். தமிழ்நாட்டுப் பத்திரிகை நிலம் என்று எழுதும் இடத்தில் யாழ்ப்பாணப் பத்திரிகை காணி என்று எழுதும். அளவு சொல்லப் பரப்பும் குழியும் இருக்கின்றன: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆனால் பழைய பங்காளிக் கணக்கு அங்கே சட்டமாகவே தொடர்ந்தது. டச்சுக்காரர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி, கூட்டாக வைத்திருக்கும் காணியில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால் முதலில் உரித்துக்காரருக்கும் பங்காளிகளுக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முன்வாங்கும் உரிமையைக் கூட்டுடைமையாளருக்கும் வாரிசாகக் கூடியவர்களுக்கும் மட்டும் என்று சுருக்கியது. இன்றும் அங்கே உறுதிகளில் காணியின் எல்லையைச் சொன்ன பிறகு பிரிக்கப்படாத பங்கு இவ்வளவு என்று ஒரு பின்னம் எழுதுகிறார்கள். மூன்றிலொன்று என்று வந்தால் 1/3 என்றே போட்டுவிடுகிறார்கள், கீழே இறங்க வேண்டியதில்லை.